நுனி வெட்டாத நொச்சி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. இங்கே அம்மா நலம், எழுதுகிறவள் தேவைக்கு மேலேயே நலம், நான் ஒரு கை நீங்கலாக நலம். அந்த ஒரு கைதான் எழுதுகிற கை என்பதால் இந்த ஏற்பாடு. அந்த மலை மேல் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதை இனிமேல் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. அம்மாவுக்கு எழுதும்போது பாறை, பள்ளம், சாலை அளவு, ஜீப் பழுதானது எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசிப் பக்கத்தில்தான் நன்றாக இருக்கிறேன் என்கிறாய். அம்மா அதை வீட்டுக்குள் உரக்கப் படிக்க, முன்னறையில் கடைக் கண்ணாடிக்கு முன்னால் சீப்பைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அதுவரை மூச்சு நின்று நின்று வருகிறது.

(அக்கா, இது நான், வாலு. அடைப்புக்குறிக்குள் இருப்பது என் சரக்கு, வெளியே இருப்பது அப்பாவின் சரக்கு, கலப்படம் கிடையாது. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போகிறார். போனால் நான், வந்தால் அவர். இப்போது போயிருக்கிறார், செருப்புகூடப் போடவில்லை. எதற்கு இந்த நடை என்பதை அவரே சொல்வார், நான் குறுக்கே விழுந்து கெடுக்க மாட்டேன். வந்துவிட்டார். "அவ்வளவு நேரமா என்ன எழுதுற?" என்கிறார். முற்றுப்புள்ளி வைத்தேன் என்றேன். "அவ்வளவு பெரிய புள்ளியா?" என்கிறார்.)

கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்னால் பேருந்தே கவிழ்ந்தது போலச் சொல்லுவாள். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை, உயரமாக ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. ஸ்டூல் எட்டவில்லை. கடை மூலையில் கிடக்கும் பழைய சுழல் நாற்காலியை வாசலுக்கு இழுத்துவந்து அதன் மேல் ஏறி நின்றேன். இருபத்தாறு வருஷமாக ஊரார் அத்தனை பேரையும் உட்காரவைத்து நான் சுற்றிய நாற்காலி, அன்றைக்கு என்னை நிற்கவைத்துச் சுற்றியது. வலது மணிக்கட்டில் விரிசல், முழங்கை வரை மாவுக்கட்டு. வருகிற திங்கட்கிழமை பிரிப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது வலி இல்லை, அரிப்புதான், உள்ளே எறும்பு குடியிருப்பது போல இருக்கிறது, வால் சீப்பை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். கடையைத் தினமும் திறக்கிறேன், திறந்து என்ன, வெட்ட முடியாது. வேறு கடைக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர், "நீங்க கட்டைப் பிரிங்க, அதுவரைக்கும் வளரட்டும்" என்று தினமும் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார்கள். சைக்கிள் கடைக்காரருக்குக் காது காணாமல் போய் ஒரு மாதம் ஆகிறது. எதிர்வீட்டு வாத்தியாரைப் பின்னாலிருந்து பார்த்தால் மேடைப் பாடகர் போல இருக்கிறார். இந்தத் தெரு இவ்வளவு புதர் மண்டிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. அந்தத் தலைகளுக்கு நடுவே வெறும் கையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்தால் எழவேண்டும் போல இருக்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. (இடது கை விரல்கள் தானாகவே வெட்டிக்கொண்டிருக்கின்றன அக்கா. சாப்பிடும்போது தட்டுக்கு மேலே காற்றுக்கு முடி வெட்டுகிறார்.)

அம்மாவுக்கு இந்த மாதம் முதல் வேறு பேருந்து கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வழியாகப் போகும் முதல் வண்டி, ஐந்து மணிக்கே பணிமனையில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை பரவாயில்லை, நோயாளிகள் படிக்கட்டில் தொங்குவதில்லை என்கிறாள். அடி பட்டது மாடியில் இருக்கிற அவளுடைய பூசணிக்கொடிக்குத்தான். உனக்குத் தெரியும், அந்தக் கொடிக்குப் பூச்சியே வருவதில்லை, அவளே கண்டக்டர் சட்டையோடு மாடிக்குப் போய் ஆண் பூவைப் பறித்து, டிக்கெட் கிழிப்பது போல இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெண் பூவுக்குள் தடவிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். இப்போது பூ விரிகிற நேரத்துக்கு அவள் மூன்றாவது நிறுத்தத்தில் விசில் அடித்துக்கொண்டிருக்கிறாள். என்னைச் செய்யச் சொன்னாள், இடது கையால் செய்து இரண்டு பூவைப் பிய்த்தேன். எழுதுகிற இவளிடம் சொன்னால் பூசணிக்குத் தரகு பார்க்கிற வயசு தனக்கு இன்னும் வரவில்லை என்கிறாள். பதினொரு பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை அம்மா சமையலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, அடுக்கிக்கொண்டே போகிறாள். மாடிப் பூவுக்குப் பூச்சி வர வேண்டுமென்றால் கீழே பூச்சிக்குப் பிடித்தது ஒன்று இருக்க வேண்டும் என்று நீ அன்றைக்கே சொன்னாய். சொன்னாய் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். எழுதினாயா? ஒத்துக்கொள்கிறேன் என்று எழுது. (எழுதிவிட்டேன். தடித்த எழுத்தில்.)

அந்தச் செடி விஷயத்துக்கு வருகிறேன். இவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, பாதிதான் தெரியும், அதனால் முழுதாகவே சொல்கிறேன், இவளும் தெரிந்துகொள்ளட்டும். கடை வாசலில் நான் பந்துச் செடி வைத்திருந்தேன். எங்கிருந்தோ வந்த செடி, பூவே கிடையாது, வெட்ட வெட்ட உருண்டையாக நிற்கும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே வட்டம். அதைப் பார்த்தே கடைக்குள் வந்தவர்கள் உண்டு. ஒன்பது வருஷம் வளர்த்தேன். நான் உள்ளே ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில் நீ அதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏரிக்கரையில் அளவெடுக்கப் போன இடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு நொச்சிக் குச்சியை அங்கே நட்டாய். விரல் பருமன், முழ நீளம், ஒரு இலைகூட இல்லை. இது நம் மண்ணிலேயே தானாக வளர்கிற புதர், ஊட்டி வளர்க்க வேண்டாம், பூத்தால் தேனீயும் கருவண்டும் பட்டாம்பூச்சியும் தேடிக்கொண்டு வரும் என்றாய். "அந்தப் பந்து பொம்மைப்பா, இத்தனை வருஷத்துல அதுல ஒரு ஈ உட்கார்ந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாய். நுரை பூசிய பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. பாதி முகம் நுரையோடு இருந்தவர் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை நீ மலை வேலைக்குக் கிளம்பினாய். பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது நான் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும்.

(நிறுத்திவிட்டார். போய்விட்டார். எனக்குப் பாதிதான் தெரியுமாம், பன்னிரண்டு வயதுக்குக் காது எவ்வளவு பெரியது என்று பெரியவர்களுக்குத் தெரியாது. "இந்தக் குச்சி பூக்குற அன்னிக்கு இந்தப் படி ஏறு, அதுவரைக்கும் வேண்டாம்" என்றார். நீ "சரி" என்றாய். ஒரே ஒரு சரி. நம் வீட்டில் கோபம் பெரிய விஷயமில்லை, அடுத்த சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். ஆனால் கோபத்தில் சொன்ன சொல்லை நாடா வைத்து அளந்து, அங்குலம் குறையாமல் எடுத்துக்கொண்டு போக உன் ஒருத்தியால்தான் முடியும். மூன்று வருஷம்! இரண்டு தரம் லீவில் இறங்கி வந்தாய், பாதி வழியில் இருக்கிற பேருந்து நிலையத்தில் அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். முதல் தரம் அம்மா வந்து நுழைந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவ முடியை யார் வெட்டுறாங்களாம்?" பிறந்ததிலிருந்து உன் தலையில் வேறு யாருடைய கத்தரியும் பட்டதில்லையே. அம்மா, "யாரும் வெட்டலையாம், இடுப்பு வரைக்கும் கிடக்கு" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்து வைத்த கண்ணாடி.)

வந்தேன். எங்கே விட்டோம்? சரி, அதை விடு. நீ ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியாகக் குச்சி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறாய், அம்மா "இருக்கிறது" என்று ஒரு சொல்லில் பதில் எழுதுகிறாள். ஒரு சொல் போதாது. முதல் மாதம் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காலையில் ஷட்டர் ஏற்றும்போது பார்த்தால் குச்சியின் விலாவில் ஒரு முளை, குழந்தை கையை விரித்த மாதிரி ஐந்து இலை. அன்றைக்கு முகம் கழுவிய தண்ணீரை யாருக்கும் தெரியாமல் அதன் காலில் ஊற்றினேன். (எல்லோருக்கும் தெரியும்.) பிறகு தினமும் இரண்டு வாளி. நர்சரிக்காரரிடம் எரு வாங்கி வைத்தேன். வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களோடு சண்டை போட்டேன். அது வளர்ந்தது, நன்றாகவே வளர்ந்தது, ஆனால் கண்டபடி வளர்ந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நெற்றியில் விழுகிற முடி மாதிரி ஜன்னல் மேல் ஒன்று. ஒரு செடி கலைந்த தலையோடு என் கடை வாசலில் நிற்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதுவும் நீ வந்து பார்க்கப் போகிற செடி, லட்சணமாக இருக்க வேண்டாமா? பதினைந்து நாளுக்கு ஒரு தரம், செவ்வாய்க்கிழமை, கத்தரியை எடுத்துச் சுற்றிலும் நுனியைத் தட்டிவிடுவேன். பக்கவாட்டில் ஒட்ட, உச்சியில் கொஞ்சம் விட்டு, பின்கழுத்துக்குச் செய்வது போல அடியைச் சுத்தமாக. வெட்டி முடித்துக் கீழே கிடக்கிற நுனிகளைப் பெருக்கி அள்ளிக் குப்பையில் போடுவேன், கடையில் முடியை அள்ளுகிற மாதிரியே. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இலை பளபளத்தது. பூ மட்டும் வரவில்லை. முதல் வருஷம், சின்னச் செடி என்று நினைத்தேன். இரண்டாவது வருஷம், தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது வருஷம் வேறு மாதிரி நினைத்தேன், அதை எழுத வேண்டாம்.

(எழுதுகிறேன், போய்விட்டார். அவர் நினைத்தது இது. "என் வாய் அப்படி. நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டேதான் அது வேர் விட்டிருக்கு, எப்படிப் பூக்கும்?" அம்மாவிடம் சொன்னார், அம்மா, "செடிக்குக் காது இல்ல, உங்க பொண்ணுக்குத்தான் காது இருக்கு, அவகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்ல மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் நான் ஒரு வேலை பண்ணினேன். கடையில் இருக்கிற பஞ்சைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி, ஊதா மையில் தோய்த்துக் காயவைத்து, செடியின் ஒவ்வொரு நுனியிலும் நூலால் கட்டிவிட்டேன். கட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஷட்டர் ஏறியது. கத்துவார், காதைத் திருக வருவார், பின்வாசல் வழியாக ஓட வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து குளித்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்த சைக்கிள் கடைக்காரரிடம், "இன்னிக்குக் கடை இல்லீங்க, எம் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன்" என்று சொல்லி ஷட்டரை இறக்கினார். வாயைப் பொத்தியிருந்த கையை நான் எடுத்துவிட்டேன். தெருமுனையில் அவர் ஏறியது யாருடைய பேருந்து தெரியுமா, அம்மாவுடையது. அம்மா "எங்க?" என்று கேட்க, "மலைக்கு ஒண்ணு" என்றாராம். உள்ளூர்ப் பேருந்தில்! நான் சைக்கிளில் விரட்டி நாலாவது நிறுத்தத்தில் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அது பஞ்சு" என்றேன். அவர் எழுந்தார். இறங்கினார். வீடு வரைக்கும் என் சைக்கிளை அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். வந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். விரலெல்லாம் ஊதா. மூன்று நாள் அந்த விரலோடுதான் ஊருக்கெல்லாம் முடி வெட்டினார். ஒரு அறை கொடுத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு செடிப் பக்கம் மட்டும் நான் வாலை ஆட்டுவதில்லை. வருகிறார், வருகிறார்.)

போன வியாழக்கிழமை நர்சரிக்காரர் வந்தார். அவருக்கும் காது காணவில்லை. பேப்பரைப் பிரித்தவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். "என்னண்ணே, இந்தத் தரம் வெட்டாம விட்டுட்டீங்க போல?" என்றார். கை இப்படிக் கிடக்கிறதே என்றேன். "நல்லதாப் போச்சு. நொச்சிக்கு நுனியிலதான் பூவு. நீங்க ஒவ்வொரு தரமும் பூவைத்தான் வெட்டிக்கிட்டு இருந்தீங்க. வேலி மாதிரி அடர்த்தியா வேணும்னு வெட்டுறீங்களாக்கும்னு நான் நெனச்சேன்" என்று ஒரு கிளையை வளைத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். நுனியில் மிளகை விடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், அடுக்கடுக்காக மொட்டு. ஒரு கிளையில் இல்லை, எல்லாக் கிளையிலும். அன்றைக்குச் சுழல் நாற்காலி மேல் ஏறி நான் எட்டித் தட்டப் போன உச்சிக் கிளையில்தான் அதிகம். வேரிலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை, எருவைக் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் உள்ளே வந்து பேப்பரை எடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். பதினைந்து நாளுக்கு ஒரு தரம், மூன்று வருஷம். எழுபது தரத்துக்கு மேல் ஆகிறது. எழுபது தரம் நானே கத்தரியை எடுத்து, நீ வருகிற வழியை வெட்டிவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

(இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை அக்கா. இங்கேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் பேனாவுக்கு மை ஊற்றுகிற சாக்கில் எழுந்து போனேன். அது மை ஊற்றுகிற பேனாவே இல்லை, அவர் கவனிக்கவில்லை.)

இப்போது நிலவரம் இதுதான். இன்று காலை ஜன்னல் பக்கக் கிளையில் ஒரு கொத்தின் அடியில் நிறம் தெரிகிறது. ஊதா மாதிரி இருக்கிறது, என் கண்ணும் எனக்கு விரோதி, அதனால் போய்ப் போய்ப் பார்க்கிறேன். இந்தத் தரம் முதலிலேயே தொட்டுப் பார்த்துவிட்டேன், பஞ்சு இல்லை. (என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். நான் தாளைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.) இன்றைக்கு விரியுமா நாளைக்கு விரியுமா தெரியவில்லை. காற்று அடித்தால் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகும்போது கிளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள், நான் வாசலில் காவல் நிற்கிறேன். திங்கட்கிழமை கட்டைப் பிரித்துவிட்டால் என் கையையே நான் நம்ப முடியாது, பழக்கத்தில் போய்த் தட்டிவிடும், அதனால் மூன்று கத்தரியையும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள். செடியைப் பார்த்தால் நீயே திட்டுவாய், அப்படி நிற்கிறது, பாதி ஜன்னலை மூடிவிட்டது, கடைப் பலகையில் பாதி எழுத்தைக் காணோம், உள்ளே வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள். ஒரு கிளையைக்கூட நான் தொடவில்லை. மழை பெய்து மலையில் மண் சரிந்தது என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள், எந்த மலை என்று போடவில்லை. அந்தப் பேப்பரை நாலு பேரிடம் காட்டிக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நீ சரிவுக்குக் கீழே நிற்காதே. மழை விட்ட மறுநாளே அளவெடுக்கப் போகாதே, மேலதிகாரி சொன்னாலும் வயிற்று வலி என்று சொல்லிவிடு. ஈரக் காலுறையோடு படுக்காதே. தலையை நன்றாகத் துவட்டு, அவ்வளவு முடியில் ஈரம் தங்கினால் காய்ச்சலை நீ கூப்பிட வேண்டாம், அதுவே வரும்.

பதினொரு மணிக்கு அம்மாவின் பேருந்து தெருமுனையில் திரும்பும், இவள் ஓடிப்போய்க் கடிதத்தை அவள் கையில் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற தபால் நிலையத்தில் சேர்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை உங்கள் ஜீப் கீழே வந்து தபாலை வாங்கிக்கொண்டு ஏறுகிறது. அதை விட்டால் இன்னும் பதினைந்து நாள். வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிற்றுக்கிழமை உன் கையில். நீ லீவு கேட்டு, அவர்கள் கொடுத்து, இறங்கி, பேருந்து மாறி வர இன்னும் ஒரு வாரம். பூ எத்தனை நாள் நிற்கும் என்று நர்சரிக்காரரிடம் கேட்டேன், ஒரு கொத்து போனால் இன்னொரு கொத்து வரும் என்கிறார், சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆகவே கடிதம் கண்டதும் உடனே புறப்படு, செடி பூக்கப் போகிறது, தாமதித்தால் பூ கொட்டிவிடும்.

(அக்கா, இந்தக் கடைசி வரியை மூன்று தரம் மாற்றிச் சொல்லி, இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது. கடிகாரம் பத்தரையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தரமும் பூ, பூ என்றே முடிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, அவ வர்றதுக்குள்ள எல்லாம் கொட்டிடுச்சுன்னா, திரும்பிப் போகச் சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், கேட்டு முடிப்பதற்குள் விளையாட்டாக இல்லை. அவர் எழுந்தார், வாசல் வரைக்கும் போனார், இந்தத் தரம் செடியைப் பார்க்கவில்லை, அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "தாளை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடி" என்று சொல்லி, என் கையிலிருந்து பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுத்து. மேலே ஏறி, கீழே இறங்கி, உங்கள் மலைச் சாலை போலத்தான் போகிறது, நீ அளவெடுக்கிறவள், படித்துவிடுவாய்.)

அம்மாடி, பூக்காட்டியும் வா.
முடியை வெட்டாதே. வளர்ந்தபடியே வா.

(பேனாவைத் திரும்பக் கொடுத்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, இரண்டு வரிக்கு.)

மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை. உன் அறையில் அம்மா உதிரிச் சாமான்களைப் போட்டு வைத்திருந்தாள், நேற்றே ஒழித்துவிட்டேன், ஜன்னல் கொக்கி ஆடியது, அதையும் இடது கையாலேயே முடுக்கிவிட்டேன். பதில் எழுதினால் முதல் வரியில் என்ன எழுத வேண்டும் என்பதை மறக்காதே. பதில் எழுதாமல் நேரே வந்து நின்றாலும் சரிதான். எந்தச் சரிவில் நின்றாலும் உன் காலடி மண் உறுதியாக இருக்கட்டும், நீ அளந்து போட்ட சாலையில் நீயே முதலில் இறங்கி வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
கத்தரி இல்லாத உன் அப்பா

(இது நான், கடைசியாக. மணி பத்து ஐம்பது. உறையை ஒட்டப் போனவள் திறந்து எழுதுகிறேன். இப்போது அப்பா வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார், காட்டிவிட்டு, "இதைக் கடுதாசியில எழுதாதே. அப்புறம் அதுக்காக வந்த மாதிரி ஆயிடும். அவ சும்மா வரட்டும்" என்றார். நான் நல்ல பிள்ளை, எழுதவில்லை. ஆனால் கடைச் செய்தி எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. ஏழு வாரத்துக்குப் பிறகு நம் கடைக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். என் நகத்தளவு உயரம், கறுப்பு மஞ்சளில் பட்டை போட்ட சட்டை, முதுகில் இரண்டு ஜோடி இறக்கை, காலில் மகரந்தம். உள்ளே வரவில்லை, ஜன்னல் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருகிறார். அப்பா மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உட்காருங்க, உட்காருங்க, அவசரமில்ல" என்கிறார். வாடிக்கையாளர் உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொருவரும் வந்தார், அவர் நேரே மாடிப் பக்கம் ஏறிப் போனார், அம்மாவிடம் சொல்ல வேண்டும். அக்கா, காலையிலிருந்து நூறு தரம் எழுந்து நடந்த அப்பா, இப்போதுதான் முதல் தரமாக அவரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படியில்தான், ஒரு ஓரமாக, இன்னொருத்தர் ஏறி வர இடம் விட்டு. பேருந்து ஹாரன் கேட்கிறது, ஓடுகிறேன்.)